எலிக்குத் தூக்கம் வேண்டாமாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

தின்பதா, தூங்குவதா, ஓடுவதா என்று எலியின் மூளைத்தண்டு எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதைத்தானே கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி எலியை உருவாக்கி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? நேற்று பேராசிரியர் திரையைப் பார்த்துவிட்டு, "எலி சும்மா தூங்கிட்டே இருக்கு. தூக்கத்தை எடுத்துடு, வரைபடம் அழகா வரும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தூங்காம ஓடுறதுக்குப் பேரு எலி இல்ல சார், மிக்ஸி!" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. ஆனால் தூக்கத்தை எடுக்கச் சொல்லி இன்று மெயிலே அனுப்பிவிட்டார். எடுக்க மாட்டேன்!

என் பழைய போர்வையை அனுப்புங்கள். போனில் "சாப்பிட்டியாம்மா, தூங்கினியாம்மா" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். "எப்பம்மா வர்றே" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் என் மூளைத்தண்டு வீட்டுக்கு ஓடுவதைத் தேர்ந்தெடுத்துவிடும்.

அவசரத்தில்,
உங்கள் மகள்