அத்தை தட்டிய விதம்

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கதையின் டி.வி. தொடர் நேற்றோடு முடிந்துவிட்டது. இந்த முறையும் அவளைப் பேயாக்கித்தான் முடித்தேன். நீ பார்த்திருக்க மாட்டாய் என்று தெரியும். மற்றவர் சொல்லிக் கேட்பதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

உன் ‘பதினோராம் சன்னல்’ நாவல் வந்து நாற்பது வருடம் ஆகிறது. அந்த வீட்டை வெளியே நின்று எண்ணினால் பதினொரு சன்னல், உள்ளே எண்ணினால் பத்து. பதினோராவதற்குப் பின்னால் ஒருத்தியை அவள் அண்ணனே பூட்டி வைத்திருக்கிறான். புத்தகத்தில் அவள் உயிரோடு இறங்கி வாசல் வழியாகப் போகிறாள். கல்லூரியில் பாடமாகக்கூட வைத்துவிட்டார்கள். ஆனால் நான் வியாபாரி. நாடகமாகப் போட்டபோது முதல் வாரம் உன் முடிவைத்தான் வைத்தேன். அவள் நடந்து வெளியே போனாள், ஜனமும் பின்னாலேயே எழுந்து போனது. மேனேஜர் சொன்னான்: “முதலாளி, உசுரோட இருக்குறவளப் பாத்து எவன் பயப்படுவான்? கொன்னுடுங்க.” கொன்றேன். அரங்கம் நிரம்பியது. வானொலி, படக்கதை, சினிமா எல்லாவற்றிலும் அதே முடிவுதான். படக்கதை ஓவியருக்குக் கால் வரைய வராது. பேய் என்றதும் மனிதர் கும்பிட்டே விட்டார்.

இப்போது செல்போனில் பார்க்கிற தொடருக்கு ஒரு கம்பெனி கேட்கிறது. பழைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதியதில் நீ கையெழுத்துப் போட வேண்டும். தாள்கள் உள்ளே இருக்கின்றன. மூட்டுவலி தேவலையா?

அண்ணன்


மார்ச் 11

அண்ணாவுக்கு,

தாள்கள் வந்தன. கையெழுத்துக்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்.

வானொலி நாடகம் வந்தபோது நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன், கேட்கவில்லை. போன வாரம் என் மகள், “அம்மா, உன் கதையோட ரேடியோ நாடகத்த யாரோ நெட்ல ஏத்தியிருக்காங்க, கேளேன்” என்று போனில் போட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் உள்ளிருந்து கதவைத் தட்டுகிற இடம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு துணியும் மடிக்கவில்லை.

புத்தகத்தில் ‘தட்டினாள்’ என்று மட்டும்தான் எழுதினேன். எப்படி என்று எழுத மனம் வரவில்லை. வானொலியில் வந்தது இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு நகத்தால் ஒரு கீறல். அது நம் அத்தை தட்டும் விதம். அப்பா தன் சொந்தத் தங்கையைப் பூட்டி வைத்த எட்டு மாதமும் மாடிப்படியில் உட்கார்ந்து நான் கேட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது, சாவி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நீ கீழே கடையில் இருந்தாய். ரேடியோ சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று அவள் செத்த அன்று சொன்னாய். நம்பினேன். இத்தனை வருடமாக எல்லோரிடமும் ‘அண்ணாவுக்கு ஒன்றும் தெரியாது’ என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

வானொலியில் அந்தச் சத்தத்தைப் போட்டது யார்?

தங்கை


மார்ச் 18

அன்புத் தங்கச்சிக்கு,

ஸ்டுடியோவில் சத்தம் எழுப்புகிற ஆளுக்கு அன்று காய்ச்சல். நான்தான் பலகையைத் தட்டினேன். தட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? யார் தட்டினாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். தாள்களைச் சீக்கிரம் அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


மார்ச் 24

அண்ணாவுக்கு,

என் வீட்டுக் கதவில் மகளைத் தட்டச் சொன்னேன், பிறகு அவரை, பிறகு பால்காரரை. “என்னம்மா, உங்க கதைல உள்ளது உங்களையே புடிச்சிருச்சா?” என்று பால்காரர் சிரித்தார். ஒருவரும் நகத்தால் கீறவில்லை.

தாள்களைக் கையெழுத்தில்லாமல் திருப்பியிருக்கிறேன். உனக்குக் கேட்டதா, இல்லையா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

கேட்டது.

தினமும் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்ததே அதற்குத்தான். அப்பா வெளியூர் போகும்போதெல்லாம் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். “இந்த வீட்லயே இவன் ஒருத்தன்தான் பொறுப்பானவன்” என்பார். பதினாறு வயதில் எனக்கு முன்னறையைக் கடைக்கு விட்டதும் அந்தப் பொறுப்புக்குத்தான். பேட்டிகளில் வெறுங்கையோடு ஆரம்பித்தேன் என்று சொல்கிறேனே, அந்த முன்னறையைச் சொல்வதே இல்லை.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அப்பா ஊரில் இல்லை. மத்தியானம் தட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும். “நீயாடா கண்ணு? உடம்பு சுடுதுடா. ஒருக்கா திற, எங்கயும் போகமாட்டேன்” என்றாள். திறந்தால் போய்விடுவாள், அவளுக்குப் பிடித்தவனோடு. அப்பா கடையைப் பிடுங்கிவிடுவார். இறங்கி வந்தேன். ரேடியோவை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மறுநாள் காலையில் அப்பா வந்துதான் திறந்தார்.

மேனேஜர் கொல்லச் சொன்னது நிஜம். அவன் சொல்லாமல் இருந்தாலும் கொன்றிருப்பேன். பேயாக இருந்தால் கதவை யாரும் திறக்க வேண்டியதில்லை. உன் புத்தகத்தில் அவள் உயிரோடு நடந்து போகிற பக்கத்தை நான் ஒரு தடவைக்கு மேல் படித்ததில்லை. ஸ்டுடியோவில் யோசித்துத் தட்டவில்லை, கை தானாகத் தட்டிவிட்டது. பதிவு செய்கிறவர், “பிரமாதம் சார், இன்னொரு வாட்டி” என்றார். இன்னொரு தடவையும் தட்டினேன்.

அண்ணன்


மே 2

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. மேலே ‘அண்ணாவுக்கு’ என்று நீ எழுதவில்லை, பார்த்தேன். நீ கேட்ட நிபந்தனைகளில் அநியாயம் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். கம்பெனிக்காரர், “பேய் இல்லாம எப்படி சார் இது ஓடும்?” என்றார். “நஷ்டம் வந்தா என் தலைல போடுங்க” என்று சொல்லிவிட்டேன்.

நாம் ஒப்புக்கொண்டது இது. கதையின் உரிமை முழுவதும் இன்றிலிருந்து உன்னுடையது. வானொலிப் பதிவை நான் எங்கும் ஒலிக்க விடக்கூடாது, ஏற்றியவர்களிடம் சொல்லி இறக்க வேண்டியதும் என் பொறுப்பு. புதுத் தொடரில் பேய் கிடையாது. கதவுக்கு வெளியே பதினாறு வயதுப் பையன் ஒருவன் சாவியோடு நிற்பான். திறக்க மாட்டான். அவள் எப்படி வெளியே வருகிறாள் என்பதை நீதான் எழுதுவாய், அதை முன்கூட்டிப் படிக்க நான் கேட்கக்கூடாது. உன் வீட்டுக்கு நான் வரக்கூடாது. கடிதம் போடலாம், பதில் வராது.

சம்மதத்துடன்,
அண்ணன்