நாலாவது மெழுகுவர்த்தி

விஸ்வநத்தம்,
மார்கழி பிறந்த மறுநாள்.

அன்பு மகள் அழகுமீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீயே போனில் சொல்லிவிட்டாய், "நல்லா இருக்கேம்மா" என்று, ஒரே மூச்சில், வைத்துவிடும் அவசரத்தில். அதில் பாதியை நம்பினேன். மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம். போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய். காகிதத்திடம் "ம்" சொல்ல முடியாது. வாசிக்க வேண்டும், இல்லையென்றால் கிழிக்க வேண்டும். என் எழுத்தைக் கிழிப்பது உனக்குப் புதிதில்லை. பிரஸ்ஸில் தினசரிக் காலண்டர் தாளுக்கு அடியில் போட நான் எழுதும் ஒற்றை வரிகளை, தினமும் காலையில் வாசிக்காமலே கிழித்து, அதில் முறுக்கு வைத்துத் தின்று வளர்ந்தவள் நீ. என் தோழி பைரோஜாவின் மகன் சாபிர், விருதுநகருக்கு லீவில் வந்தவன், நாளை ஸ்டாக்ஹோம் திரும்புகிறான். சனிக்கிழமை உப்சாலாவுக்கு வந்து இதையும் ஒரு பொட்டலத்தையும் உன் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறான். பொட்டலத்தில் சாத்தூர் சேவு இருக்கிறது. அவன் வழியில் பிரிக்காமல் இருந்தால் முழுசாக வரும். எள்ளுப்பொடி, சுக்கு, புது வருசத்துக் காலண்டர், இன்னொரு சாமான். அதைப் பற்றிப் பிறகு.

முதலில் வாளி. ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே சொன்னபோது நான் சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சிரித்தேன். கோபப்படாதே. நடந்ததை நானே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் எனக்குப் புரியும். உங்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அந்த இருட்டைப் பொறுத்துக்கொள்ள அவர்கள் வைத்திருக்கும் வழி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறும் வாரத்துக்கு ஒன்று கூட்டி மெழுகுவர்த்தி ஏற்றி, சுற்றி உட்கார்ந்து ஏதாவது தின்பது. நல்ல வழி. முதல் இரண்டு ஞாயிறும் லைப்ரரிக்குப் போய்த் தப்பித்துக்கொண்டாய். மூன்றாவது ஞாயிறு, பொதுச் சமையலறையில் பக்கத்து அறை இங்ரிட் மூன்றை ஏற்றிவைத்துக் குங்குமப்பூ ரொட்டியோடு உன் கதவைத் தட்டினாள். நீ வந்தாய். மேசையில் காகிதப் பூ, துணித் திரை, நடுவில் தீ. தீயணைக்க என்று உன் அறை வாசலில் பனிக்கட்டி நிரப்பிவைத்திருந்தாயே ஒரு வாளி (மணல் கிடைக்கவில்லையாம்), அது உருகித் தண்ணீராகியிருந்தது. அதைத் தூக்கி வந்து மூன்று மெழுகுவர்த்தி மேலும், ரொட்டி மேலும், இங்ரிட்டின் மடியிலும் ஊற்றிவிட்டாய். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். அந்தக் கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வீட்டுப் பாண்டிலட்சுமியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்துவிட்டாள். "இதுல என்ன தப்பு? அழகு தண்ணியோட விட்டுட்டா. நானா இருந்தா மேசையையே தூக்கி வாசல்ல வீசியிருப்பேன். கதவச் சாத்திக்கிட்டு நடுவீட்ல தீ வச்சு வெளையாடுறவளுகளுக்கு என்ன தைரியம்ங்கிறே" என்றாள். கிளம்பும்போது திரும்பி, "ரொட்டியவாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றாள். நம் தெரு முழுக்க உன் கட்சிதான். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்பா வேறு விதம். நீ குளிரில் நடுங்குவதற்குக் காரணம் அவர்தான் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. போன ஆவணியில் மதுரைக்குப் போய் உனக்கு ஸ்வெட்டர் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? கடையில் துணி மாற்றும் அறைக்குள் அதை எடுத்துப்போய், கதவைச் சாத்தி, இருட்டில் கையால் தேய்த்துப் பார்த்தார் மனிதர். பொறி தெரிந்ததாம். வெளியே வந்து கடைக்காரரிடம், "இது ஆகாதுங்க. வேற காமிங்க, காட்டன்ல இருக்கா?" என்றார். கடைக்காரர், "சார், குளிருக்குத்தானே கேட்டீக?" என்றார். கடைசியில் நாம் வாங்கியது காட்டன் சுடிதார், காட்டன் போர்வை, காட்டன் சால்வை. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வேண்டிய சீர்வரிசை. அதையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நீ பனியில் நடந்திருக்கிறாய், ஒரு முனகல் இல்லாமல். கதவுக் கைப்பிடி சுரீர் என்றால் பயந்து, அறைக்குள் நுழையும் முன் ஒவ்வொரு தடவையும் வராந்தா ஜன்னலடி இரும்புக் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் போகிறாயாம். உன் அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்குள் போகும் முன், உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவதுபோல. இதைச் சொன்னபோது அவர் சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கன போயும் தொட்டுக்கிட்டா இருக்கு?" என்றார். பெருமையா வருத்தமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறி மதுரைக்குப் போய் அதே கடையில் அதே ஸ்வெட்டரை வாங்கி வந்துவிட்டார். பொட்டலத்தில் இருக்கும் இன்னொரு சாமான் அதுதான். கழற்றும்போது சடசடக்கும். சடசடக்கட்டும். உன் அறையில் வெடிப்பதற்கு உன் கோபத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

இங்கேயும் குளிர்தான், சிரிக்காதே. விடியலில் வாயிலிருந்து லேசாகப் புகை வருவதாக அப்பா சொல்கிறார், எனக்குத் தெரியவில்லை. குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு ஸ்வீடனில் இருப்பது தான்தான் என்பதுபோல் தெருவில் நடக்கிறார். தீபாவளிக்குப் பிறகு எம். புதுப்பட்டிக் கம்பெனியைத் திறந்துவிட்டார்கள், ஆனால் ஆர்டர் குறைவு, மூட்டம் போட்டால் மருந்து காயாது, மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். எனக்கு நேர்மாறு. காலண்டர் சீசன். ஈரக் காற்றில் மை காயாமல் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நான் சோர்ந்து வரும்போது வீட்டில் பணியாரம் இருக்கிறது. ஆமாம், உன் அப்பா சுட்டது. பணியாரம் என்று அவர் சொல்கிறார், நானும் மறுப்பதில்லை. வருசம் முழுக்க வெயிலைத் திட்டும் ஊர் இது. இந்த மாதம் மட்டும் மொட்டை மாடியில் நாற்காலியை வெயிலுக்குப் பின்னாலேயே நகர்த்திக்கொண்டு போகிறோம், அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சேவு. பேச்சு ரொம்ப இல்லை. சந்தோஷம் என்று காலண்டரில் பல தடவை எழுதியிருக்கிறேன். அது இந்த நாற்காலி நகர்த்தலாகத்தான் இருக்கும் என்று இப்போது படுகிறது. அவர் நகக்கண்ணில் சீசன் முழுக்க ஒட்டியிருக்கும் அலுமினிய வெள்ளி இப்போது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்ப்பது எனக்குக் குளிர்காலம்.

ஆனாலும் குளியல் மாறவில்லை. வேலை குறைவோ அதிகமோ, கம்பெனியிலிருந்து வந்தால் புறவாசலில் உடுப்பை நனைத்துப் போட்டு, தலைக்கு ஊற்றி, ஒட்டிய மருந்தெல்லாம் போய், துண்டோடு உள்ளே வந்த பிறகுதான் நம் வீட்டில் விளக்கு, அடுப்பு, ஊதுபத்தி எல்லாம். உனக்குத் தெரியாததா. தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் புறவாசலிலிருந்து நீதான் கத்துவாய், "அப்பா குளிச்சாச்சு" என்று. நான் தீக்குச்சியைக் கிழிப்பேன். உன் சத்தம் அடுத்த வீடு வரைக்கும் போகும். பாண்டிலட்சுமி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "எங்க வீட்டு மனுசனுக்கும் சேத்து ஒரு சத்தம் குடு ஆத்தா, குடத்தப் பாத்தே நடுங்கிக்கிட்டு நிக்கிறாரு" என்பாள். மார்கழியில் நம் தெருவில் விளக்குத் தாமதமாக எரிவதற்குக் காரணம் பக்தி குறைந்தது அல்ல, ஆண்பிள்ளைகள் பச்சைத் தண்ணீருக்குப் பயந்தது. இந்தக் கார்த்திகைக்கும் அப்படித்தான். பாண்டிலட்சுமி அகல்களில் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் குளிக்காம நிக்கிறீக, கார்த்திக முடிஞ்சு தையே வந்துரும் போலயே" என்று அப்பாவை விரட்டினாள். குளித்தார். ஏற்றினோம். சத்தம் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது சிரிப்பை ஓரமாக வைக்கிறேன். உன் கை ஏன் வாளிக்குப் போனது என்று இங்ரிட்டுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தூரத்தில் அந்த வெடிச்சத்தம் கேட்டால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்புவீர்கள். புகை எந்தத் திசை என்று பார்க்க. கிழக்குத் தெற்கு மேற்கு வடக்கை நீங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டீர்கள். ஒரு தடவை அது அப்பாவின் திசையாக இருந்தது. பக்கத்துக் கம்பெனி. அவர் நடந்தே வீடு வந்து, நேரே புறவாசலுக்குப் போய்க் குளித்தார். அன்றைக்கும் நீ சத்தம் கொடுத்தாய். மெதுவாக. நான் விளக்கேற்றினேன். அதை மட்டும் நீ மறந்துவிட்டாயோ என்று நினைக்கிறேன். தீயைக் கண்டால் ஓடு என்று உன்னை நாங்கள் வளர்க்கவில்லை அழகு. ஒரு ஆள் குளிக்கும் வரை பொறு என்று வளர்த்தோம். அப்புறம் ஏற்றினோம், ஒவ்வொரு நாளும்.

பொங்கலுக்கு வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்றாய். அப்பா உடனே, "வரட்டும், அந்தப் படிப்பு இங்கன இல்லையா" என்றார். அவருக்கு நீ கண்ணெதிரே இருந்தால் போதும். எனக்கும் போதும்தான், எழுதும்போதே கை ஆசைப்படுகிறது. குளிர் தாங்கவில்லை என்று வா. படிப்பு பிடிக்கவில்லை என்று வா. அம்மா கையால் சோறு வேண்டும் என்று வா, அதைவிட நல்ல காரணம் கிடையாது. நாலு பேர் சிரித்தார்கள் என்று மட்டும் வராதே. அந்தக் காரணத்தோடு வந்தால் உன்னோடு அந்தச் சாத்திய கதவும் சேர்ந்து வந்துவிடும், நம் வீட்டில் அதை மாட்ட இடமில்லை. மடி நனைந்த அந்தப் பெண் மறுநாளும் ரொட்டியோடு வந்து தட்டியிருக்கிறாள். நாலாவதை நீயே ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் செம்புத் தகட்டைச் சொல். புகையைச் சொல். குளியலைச் சொல். தெரிந்தால் சிரிக்கமாட்டாள், சிரித்தாலும் உன்னோடு சேர்ந்து சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை போ. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போ. காகிதப் பூவைத் தள்ளிவை, திரையை விலக்கிக் கட்டு, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தீப்பெட்டி அனுப்பலாம் என்று பார்த்தேன், விமானத்தில் விடமாட்டார்களாம். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை அயலூர்த் தீப்பெட்டியை உரச வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

மற்றபடி, மதியம் கொஞ்ச நேரம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நட. எள்ளுப்பொடிக்கு நல்லெண்ணெய் விடு, அவர்கள் ஊர் வெண்ணெயை விடாதே. சுக்கைத் தட்டிப் போட்டுக் காபி குடி. சேவை இங்ரிட்டுக்கும் கொடு, காரம் என்று முன்னாலேயே எச்சரித்துக் கொடு, தண்ணீரால் பட்டவள் இனி தண்ணீருக்கும் தவிக்க வேண்டாம். புதுக் காலண்டரை மாட்டு. தை முதல் தேதிக்கு உன்னை நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறேன், அந்த ஒரு தாளையாவது வாசித்துவிட்டுக் கிழி. நீண்ட ஆயுளோடும் சூடான பாதங்களோடும் நிறைவாக இரு, தாயே. உள்ளே காலுறை போடு.

என்றும் உன் அம்மா,
முருகேஸ்வரி

பின்குறிப்பு: அப்பாவையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். பேனாவை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம அவ ஏத்துற நேரத்துக்கு நான் ரெடியா இருப்பேன்னு எழுது" என்றார். குளிக்க வெந்நீர் வைத்துத் தருவதாக நான் ஒத்துக்கொண்ட பிறகு சொன்ன வார்த்தை அது. அதனால் நீ தீக்குச்சியை எடுத்துக்கொண்டு தயங்கி நிற்கவோ, போன் போட்டுக் கேட்கவோ வேண்டாம். இந்தத் தடவை சத்தம் கொடுப்பது என் முறை. இப்போதே கொடுத்துவைக்கிறேன்.

அப்பா குளிச்சாச்சு.