முதல் அடி ஆஸ்பத்திரிக்கு

அம்மா,

இன்று அலுவலகத்தில் ஒருவர் அட்டைப்பெட்டியைப் பிரிக்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டார். முதலுதவிப் பெட்டியைத் திறந்ததும் அந்த வாடை. புண்ணுக்கு ஊற்றும் பழுப்பு மருந்து. மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். நான் இன்னும் கொஞ்சம் அருகில் போய் நின்றேன்.

உன் வலது கால். அதன் வாடை இது.

அப்பாவை எடுத்த அன்று நல்ல வெயில். தெருமுனை வரை பெண்கள் பின்னால் போய்த் திரும்ப வேண்டும். செருப்பு கூடாது. தார் இளகிக் கிடந்தது. நான் ஓரத்து மண்ணில் நடந்தேன். சித்தி குதிகாலை ஊன்றி ஊன்றித் தாவினாள். நீ மட்டும் நடு ரோட்டில், நேராக, அவசரமே இல்லாமல்.

"பாரு, எப்படித் தாங்கிட்டு நடக்கறா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

தாங்கவில்லை. உனக்குத் தெரியவே இல்லை. உன் பாதங்களிலிருந்து சூட்டையும் வலியையும் சர்க்கரை எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருந்தது.

கருமாதி முடிந்த பிறகுதான் பார்த்தேன். நீ மூலையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாய். சேலை ஓரம் காலோடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா இது?"

"கொப்புளங் கண்ணு. தானா ஆறிப்போகும்."

"மாத்திரை போடறியா?"

ஒட்டிய சேலையை மெல்லப் பிரித்தாய் நீ. பிறகு, "உங்கப்பனுக்கு எடுத்துக் குடுக்கறப்ப அப்படியே நானும் ஒண்ணப் போட்டுக்குவேன். இப்ப ஆருக்கு எடுத்துக் குடுக்கறது?" என்றாய்.

 இத்தனை வருடம் அப்பாவின் சிறுநீரகத்தோடு நீ கோயமுத்தூரின் ஆஸ்பத்திரிகளைச் சுற்றியிருக்கிறாய். எந்த மாடியில் ரத்தம் எடுப்பார்கள், எந்த கேண்டீனில் உப்பில்லாமல் கேட்டால் தருவார்கள், எல்லாம் தெரியும். அந்தக் கட்டில்களுக்குப் பக்கத்து ஸ்டூலில்தான் எப்போதும் உன் இடம். அப்பாவின் உடம்பு உன் பொறுப்பில் இருந்தது. உன்னுடையது யார் பொறுப்பிலும் இல்லை.

மூன்றாம் மாதம் வரை நீ வாசல் தாண்டக் கூடாது. ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நம் பக்கம் யாரும் துக்கம் கேட்க வருவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து உன்னைப் பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏற்றினேன். பெரியநாயக்கன்பாளையம் போகும் வரை முக்காட்டை இறக்கவில்லை நீ.

பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இத்தனை நாள் எங்கம்மா இருந்தீங்க?"

"மூலைல உக்காந்திருந்தனுங்க."

அவர் சிரிக்கவில்லை. தினமும் வர வேண்டும், அழுகியதைத் தானே பார்த்து வெட்டி எடுக்க வேண்டும் என்றார். வராவிட்டால் முதலில் இரண்டு விரல் போகும். பிறகு எதுவரை என்று அவரால் சொல்ல முடியாது.

தினமும். ஆனால் வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் இரண்டே நாள்.

மறுநாள் காரமடையிலிருந்து மாமா வந்திருந்தார், உன் அண்ணன். ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். கூடம் கொள்ளாத பெண்கள். நான் தயங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. நீயே போனில் வரச்சொல்லியிருக்கிறாய்.

சுவரைப் பிடித்து எழுந்தாய்.

"எங்கம்மணி கெளம்பிட்டே?" மாமா.

"கட்டுப் போடறதுக்குங்ணா."

"ஏன், நர்சம்மாவ ஊட்டுக்கு வரச்சொன்னா ஆவாதா?"

"டாக்டரு பாத்து வெட்டோணுமாமுங்க."

"அதுக்குன்னு? மூணாம் மாசம் நானு வந்து கூட்டிட்டுப் போயி, மொத அடி பொறந்த ஊட்டுல வெக்கோணும். அதுதான் மொற. ஊருக்குள்ள என்னையத்தான கேப்பாங்க?"

"கால் இருந்தாத்தானுங்ணா அடி வெக்க முடியும்?"

 உன் பெரியம்மா, தானும் வெள்ளைச்சேலை கட்டியவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். "புருசன் போயி முழுசா மாசமாகல. வாசல்ல ஆட்டோவ நிறுத்தறா பாரு, சினிமாவுக்குப் போறாப்ல."

நீ திரும்பினாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன்.

"எல்லாருங் காப்பி குடிச்சுட்டு இருங்க. வந்தர்றனுங்க."

அவ்வளவுதான். முன்வாசல் வழியாக, நொண்டிக்கொண்டு, முக்காடு இல்லாமல்.

படியில் நின்று மறுபடி கூப்பிட்டாய். "ஏனுங்ணா, நீங்களும் வாங்க. பொறந்த ஊட்டு ஆளுதான் கூட்டிட்டுப் போச்சுன்னு ஆயிருமல்ல?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். பிறகு வந்து ஆட்டோவில் ஏறினார். தேரில் உட்கார்ந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

கட்டுப் போடும் அறையில் அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார். உன் காலிலிருந்து சதையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு வலிக்கவில்லை, அதனால் உனக்கு நேரம் இருந்தது.

"ஏம்மா, எங்கண்ணனுக்கும் அந்தப் பிரஷர் பட்டையக் கட்டிப் பாத்துருங்க" என்று நர்சிடம் சொன்னாய்.

"எனக்கென்ன கேடு? கல்லாட்டம் இருக்கறன்."

"கல்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்ணா. கைய நீட்டுங்க."

நீட்டினார். நர்ஸ் பார்த்தாள். அடுத்த கையிலும் கட்டிப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள்.

"இவ்வளவு பிரஷரோடயா நடமாடறீங்க? கடைசியா எப்பப் பார்த்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

மாமா உன்னைப் பார்த்தார். பதில் உன்னிடம் இருக்கும் என்பதுபோல.

"எங்கண்ணி இருக்கறப்பங்க" என்றாய் நீ.

 மாமாவின் மனைவி, என் அத்தை, இருந்தவரை காலையில் காப்பிக்கு முன் அவர் உள்ளங்கையில் ஒரு மாத்திரை விழும். என்ன மாத்திரை என்று அவர் கேட்டதில்லை. அத்தை போனதும் உள்ளங்கை காலியானது. அதையும் கேட்கவில்லை. அவருடைய உடம்பு முதல்முறையாக அவரிடமே திரும்பி வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய துக்கம் என்று நாம் நினைத்ததில் பாதி இதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

நாம் திரும்பியபோது எல்லோரும் இருந்தார்கள். காப்பியும் குடித்திருந்தார்கள்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. காரமடையிலிருந்து மாமா பஸ் பிடித்து வந்துவிடுவார். ஊரில், "தங்கச்சியக் கூட்டிட்டுப் போகோணுமில்ல" என்று சொல்லிக்கொள்வார். நீ பக்கத்து வீட்டில், "அண்ணனுக்குப் பிரஷரு, தனியா உட முடியாது" என்று சொல்லிக்கொள்வாய். இரண்டும் உண்மை. இரண்டு பேருக்கும் அது வசதி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து தக்காளி விலை, தம்பி மகள் கல்யாணம், யார் முதலில் உள்ளே போவது என்று சண்டை. சுண்டுவிரல் கறுத்த வாரம் மட்டும் நீ பேசவில்லை. மாமாதான் பேசினார். எதையெல்லாமோ. மாட்டுக்கு வைத்தியம் பார்த்த கதையை எல்லாம்.

அந்த விரல் தப்பியது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "பொழைச்சுக்கிச்சும்மா" என்றபோது மாமா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறை பார்க்கக் கூசும்படி ஒன்றும் இல்லாதபோதும்.

மூன்றாம் மாதம் முறைப்படி அழைத்துப்போக வந்தார். ஆஸ்பத்திரியில் வாங்கிய அந்த அகலச் செருப்போடு நீ காரில் ஏறினாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அந்தப் பெரியம்மா மட்டும் உன்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "அந்த டாக்டரம்மா கண்ணும் பாப்பாளா அம்மணி?" என்று கேட்டதாக நீ சொன்னாய். சொல்லும்போது உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரை அழைத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கும் போனாய். ஸ்டூலில் உட்காரத்தான். ஆனால் இந்த முறை உன் மாத்திரை உன் பையில் இருந்தது.

மாமா இப்போது தனியாகவே போகிறார். கூட்டிப்போகத் தங்கச்சி இல்லை. யாருக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. "எனக்குத்தான்" என்கிறார். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

நீ போனது நெஞ்சுவலியால். சில வருடங்கள் கழித்து, ஒரு காலை நேரத்தில், சீக்கிரமாக. காலால் அல்ல.

குளிப்பாட்ட வந்த பெண்கள் தலைக்கு ஊற்றினார்கள். காலை நான் எடுத்துக்கொண்டேன். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கழுவினேன். எல்லாம் இருந்தன. பாதத்தின் நடுவில் அந்தத் தழும்பு, வழவழப்பாக, புதுத்தோல் மாதிரி. சாவு வீட்டில் வரக்கூடாத ஒன்று எனக்குள் வந்தது. பெருமை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அது இன்னும் என்னிடம் இருக்கிறது, அம்மா. இப்போது குனிவதில்லை.