குறைக்க மறுத்த பதினைந்து நிமிடம்

செப்டம்பர் 30, 1905, சனி

கல்லூரி ஃபுட்பாலில் இந்த வருட முதல் ஆட்டமே தோல்வி. 23–0. இடது தோளைத் தூக்க முடியவில்லை. "பரவாயில்ல கேப்டன்" என்று எல்லோரும் தட்டிக்கொடுக்கிறார்கள், சரியாக அந்தத் தோளிலேயே.

அக்டோபர் 7

மறுபடியும் தோல்வி. பதினைந்து பேர் இருந்தோம், அடிபட்டவர்கள் போக இப்போது பன்னிரண்டு. ஆட்டம் நடக்கும்போது கோச் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. எல்லைக் கோட்டுக்கு வெளியே தொப்பியைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே எல்லாம் நான் சொல்வதுதான். இந்தப் பெருமை யாருக்கு வேண்டும்?

அக்டோபர் 14

ஜெயித்துவிட்டோம். 6–5.

எழுதிவிடுகிறேன். இடைவேளையில் 5–0 என்று பின்தங்கியிருந்தோம். அவர்களுடைய கேப்டன் தனியாக என்னிடம் வந்தான், காதோரம் ரத்தம். "எங்க ஆளுங்க நிக்கவே தள்ளாடுறாங்கப்பா. அடுத்த பாதியைப் பதினஞ்சு நிமிஷமா வெச்சுக்கலாமா?" இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் போதும், குறைத்துவிடலாம். முன்னால் இருக்கிறவன் கேட்கிறான், நல்ல கதை! "முப்பதுதான்" என்றேன்.

இருபத்தெட்டாவது நிமிடம் பந்தைக் கையில் அணைத்தபடி முட்டி மோதி, அவர்களுடைய எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்த்தோம் (அதற்கு ஐந்து, பிறகு உதைத்ததற்கு ஒன்று). மேலே விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அடியில் கிடந்த நெல்ஸ் எழவில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே. முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

நான்கு வருடமாக ஒரே அறை, நானும் அவனும். அந்தக் கேப்டன் கேட்டது அவனுக்குத் தெரியாது.

அக்டோபர் 22

நெல்ஸின் அப்பாவிடமிருந்து கடிதம். அவனே படித்துக் காட்டினான். 'சோளம் இன்னும் வயலில் நிற்கிறது. நீ எப்போது நிற்பாய்?' படித்துவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 8

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். எங்கள் அறை மூன்றாவது மாடியில். தினமும் இரண்டு தடவை முதுகில் சுமந்து ஏற்றுகிறேன். விடுதி அம்மாள் மிஸஸ் புரூயிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குப்பா கிடைப்பான்?" என்றார்.

சொல்லிவிடேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா? படிக்குப் படி நினைக்கிறேன். மேலே வந்ததும் இறக்கிவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் திரும்பிக்கொள்கிறேன்.

நவம்பர் 18

தோல்வி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 30, வியாழன்

நன்றி நாள் விடுமுறை ஆட்டம், இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். இடைவேளையில் 6–4 என்று அவர்கள் முன்னால். மூக்கில் பஞ்சு அடைத்த ஒருவன் என்னிடம் வந்தான், அவர்களுடைய கேப்டன். அதே கேள்வி. ஒரு வார்த்தைகூட மாறவில்லை என்று தோன்றியது.

"சரி, பதினஞ்சு" என்றேன்.

6–4 என்றே முடிந்தது. உடை மாற்றும் கொட்டகையில் கோச் தொப்பியைத் தரையில் வீசினார். "பின்னாடி இருக்கறவன் எவன்டா நேரத்தைக் குறைப்பான்? இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருந்தா ஜெயிச்சிருப்போமே!" ஓரத்தில் ஊன்றுகோலோடு நெல்ஸ் உட்கார்ந்திருந்தான். என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு கேட்டான். "அக்டோபர்லயும் இப்படிக் குறைக்கக் கேட்டாங்களா?"

"ம்."

"நீ முடியாதுன்னியா?"

"ஆமா."

அவ்வளவுதான். ஒன்றரை மாதம் தொண்டையில் நின்றது இரண்டு வார்த்தையில் முடிந்துபோயிற்று.

டிசம்பர் 2

படிக்கட்டடியில் முதுகைக் காட்டி நின்றேன், நெல்ஸ் ஏறிக்கொள்ளவில்லை. உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகப் பின்னுக்கு ஏறினான். மூன்று மாடி. நான் கீழேயே நின்றேன். எனக்கு இது வேண்டியதுதான்.

டிசம்பர் 5

இன்றும் அப்படித்தான் ஏறத் தொடங்கினான். முதல் திருப்பத்தில் நின்றுவிட்டான். முகமெல்லாம் வியர்வை.

"டேய்."

ஓடினேன்.

"குனி. இது சிநேகிதத்துக்கு இல்ல, அபராதம். கால் சரியாகற வரைக்கும் நீதான்."

"சரி" என்றேன்.

தூக்கினேன். முன்னைவிடக் கனமாக இருந்தான். இந்தத் தடவை மேலே வந்ததும் திரும்பிக்கொள்ளவில்லை.