அப்பா வடிகட்டிய பெட்ரோல்

அன்பு மகன் பெனினுக்கு, ஆண்டவர் கிருபையால் இங்கே எஞ்சினைத் தவிர எல்லாரும் சுகம், சூரத்தில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அக்சா எழுதுகிறாள், என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுவாளாம், எழுதட்டும். போனில் சொன்னால் உங்க அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் மறுக்கிறார், அதனால்தான் கடிதம்.

நீ வாங்கிக் கொடுத்த பெட்ரோல் பம்ப்செட் போன வாரம் தேவதானத்துத் தோட்டத்தில் ஸ்டார்ட் ஆகவில்லை. வெண்டை பூவெடுக்கிற நேரம், கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, செடி வாடுகிறது. சோக்கை மூடினால் எஞ்சின் லேசாக இருமும், திறந்தால் அணைந்துவிடும். உங்க அப்பாவுக்குத் தெரியாத எஞ்சின் உலகத்தில் உண்டா, தோள்பட்டை இறங்கும்வரை கயிற்றை இழுத்தார், பிளக்கைக் கழற்றி வந்து என் கேஸ் அடுப்பில் வாட்டினார், அன்று குழம்பெல்லாம் பெட்ரோல் வாடை. பக்கத்துத் தோட்டத்துச் சுயம்புலிங்கம் அண்ணாச்சி பார்த்துவிட்டு, ஏலே ராபர்ட்டு, நீ இழுத்த இழுப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரு நிலைக்கு வந்திருக்கும்லே என்றாராம். உடனே பழி உன்மேல், மகன் டூப்ளிகேட் வாங்கிக் கொடுத்துட்டான், பழைய இரும்புக்குப் போடப்போறேன் என்று.

சனிக்கிழமை எனக்கு பேண்டேஜ் கம்பெனியில் லீவு, நானும் அக்சாவும் போனோம். சோக்கைத் திறந்ததும் அணைகிறதென்றால் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டரைப் பார்ப்போம் என்றாள் இவள். பொஸ்தகம் படிச்சவ எஞ்சின் ஓட்டப்போறா என்றார் அவர். அதன் அடியிலிருந்த கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோல் ஏறுகிற ஊசித்துவாரத்தில் வெள்ளையாக ஒரு நூல். தினமும் மடிக்கிற துணியின் நூல் எனக்குத் தெரியாதா. அப்புறம்தான் வாயைத் திறந்தார், டேங்க் வாயிலிருந்த சல்லடையைத் தொலைத்துவிட்டு, வீட்டில் கிடந்த பேண்டேஜ் கழிவுத்துணியைத் திணித்துப் பெட்ரோலை வடிகட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரித் துணிதானட்டி, சுத்தமா இருக்கும்னு நெனச்சேன் என்கிறார். ராஜபாளையத்தில் பிறந்து, வெட்டின பேண்டேஜ் துணி நூல் உதிர்க்கும் என்று தெரியாத மனுஷன் இவர் ஒருவர்தான். நூலை எடுத்து டேங்கையும் கழுவினோம், இரண்டாவது இழுப்பில் ஓடியது. அதற்குள் மேற்கு வரிசை முழுக்கக் கருகிவிட்டது, அதற்கும் சேர்த்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்கிறார், கருகினது முளைக்குமா.

புது எஞ்சின் கேட்டு உனக்குப் போன் போடுவார், சரியென்று சொல்லிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதே. கர்த்தர் கரம் உன்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா ஏசம்மாள்

அண்ணா, மேற்கு வரிசையில் இரண்டு செடி துளிர்த்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடாதே, தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று அம்மா என்னிடம் சொன்னார்கள். ஆனால் முதலில் பார்த்து எனக்குக் காட்டியதே அப்பாதான். அவர் அம்மாவிடம் சொல்லவேயில்லை. - அக்சா