குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர்

ஜூலை 3

இன்றும் இரண்டு நாட்குறிப்பு. ஒன்று கல்லூரிக்கு. ஆங்கிலத்தில், கட்டம் போட்ட புத்தகத்தில். வாரம் ஒருமுறை சைட்டுக்குப் பொறுப்பான விஜிதரன் சேர் கையெழுத்து வைப்பார். மற்றது இது. அதில் "அத்திவாரக் கொங்கிறீட், நான்கு குழி முடிந்தது" என்று எழுதிவிட்டேன். கால் வலியும், கடிக்கிற சப்பாத்தும், ஹெல்மெட்டுக்குள் நனைந்து நாறும் ஸ்கார்ஃபும் இந்தப் புத்தகத்துக்கு.

கட்டுமான முகாமைத்துவம் படிக்கிறேன் என்றால் ஊரில் எல்லோருக்கும் அது கதிரையில் இருக்கிற வேலை. பயிற்சி தொடங்கி மூன்று மாதம். இதுவரை நான் முகாமை செய்தது சீமெந்துப் பைகளை மட்டும்.

கிளிநொச்சியில் பெரிய சைட் கிடைக்கும் என்று இருந்தேன். கிடைத்தது எங்கள் ஊரேதான். பள்ளிவாசலுக்குப் பின்னால் கட்டுகிற தாய்சேய் நிலையம். உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பத்து மணிக்குப் பிளாஸ்க் நிறையத் தேநீர் கொண்டு வந்து எல்லோருக்கும் ஊற்றுகிறார். பொன்னையா மேசன் இன்று இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜூலை 9

அத்திவாரம் பன்னிரண்டும் முடிந்தது.

என் வேலைகளில் இலேசானது தண்ணீர் பார்ப்பது. குடிக்கத் தகுந்த தண்ணீர் கலவைக்கும் தகும் என்பது சைட்டில் விதி. பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரை ஜனவரியில் ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உப்பு லீற்றருக்கு ஐந்நூறு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், முந்நூற்றுப் பத்து இருந்தது. சேர் சொன்னார், "ஒவ்வொரு நாளும் ஒரு மிடறு குடிச்சுப் பார், எழுது, அவ்வளவும் காணும்." அவருக்கு மூன்று சைட். இங்கே வந்தால் வான் வண்டிக்குள் சீற்றைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

குடித்துப் பார்த்தேன், நல்ல தண்ணீர். இப்படித்தான் தினமும் எழுதுகிறேன். புத்தளத்தில் இடம்பெயர்ந்தோர் கொட்டிலில் பிறந்து, பதினொரு வயதில் இங்கே திரும்பி வந்தவள். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க எனக்குப் பயிற்சி வேறு வேண்டுமா?

ஜூலை 22

இன்று முதல் பொன்னையா மேசன் எங்கள் தண்ணீர் குடிப்பதில்லை.

அவரும் ஆட்களும் கனகராயன்குளம். புதுக்குடியிருப்பில் அறை எடுத்துத் தங்கி மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். இன்று வரும்போது இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தார்கள். உம்மா தேநீர் நீட்டினார். "வயிறு சரியில்லம்மா" என்றார் மேசன். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் ஒரே வயிற்றுவலியா? உம்மா பிளாஸ்க்கை மூடித் திரும்பிப் போனார்.

ஜூலை 24

இன்றும் கான்.

ஜூலை 30

உம்மா சொல்கிறார், "விடு மகள். எங்கட வீட்டில கை நனைக்காத ஆக்களும் இருக்கினம். தெரியாத விசயமே?" தெரியும். ஆனால் மூன்று வாரம் குடித்தாரே? பிறகுதான் நாங்கள் யார் என்று ஞாபகம் வந்ததோ?

இனித் தேநீர் கொண்டு வர வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பின்னேரம் மேசன் பக்கத்தில் வந்து நின்றார். "மிஸ், இந்தத் தண்ணி ஒருக்கா..." என்று தொடங்கினார். முடிக்க விடவில்லை. "தண்ணியைப் பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ. கம்பி கட்டுற வேலையைப் பாருங்கோ." நாற்பது வருடம் கொங்கிறீட் போட்ட மனிதருக்குப் பாடம் எடுத்தேன். கம்பி கட்டப் போய்விட்டார். போகட்டும்.

ஆகஸ்ட் 6

முதல் இரண்டு தூண். தண்ணீர்: நன்று. வெயில்: தாங்காது.

ஆகஸ்ட் 14

தூண் ஆறு நிற்கிறது. சாக்குச் சுற்றி, நாளுக்கு ஐந்து தரம் நனைக்க வேண்டும். அதற்குக் கிணற்று மோட்டார் காலையிலிருந்து ஓடுகிறது. மழை கண்டு நான்கு மாதம். கிணறு இறங்கிவிட்டது, பெண்கள் வாளிக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு நீட்டுகிறார்கள்.

எனக்கும் மேசனுக்கும் இடையில் இப்போது வேலைக் கதை மட்டும். அதுவும் "ஓம்", "இல்லை", "சரி மிஸ்". களைப்பாக இருக்கிறது. வேலையால் வருகிற களைப்பு குளித்தால் போகும், இது போகவில்லை.

ஆகஸ்ட் 19

கிளிநொச்சியிலிருந்து பொறியியலாளர் கமலாசனி வந்தா. பணம் தருகிற நிறுவனத்துக்காக வேலையைப் பார்வையிடுகிறவ. விருந்தாளி என்று உம்மா தடையை மீறித் தேநீர் கொண்டு வந்துவிட்டார்.

அவா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தா. "சீனியெண்டு உப்பைப் போட்டிட்டீங்களோ அம்மா?"

உம்மா சிரித்தார். நானும். அவா சிரிக்கவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துத் துப்பினா. பிறகு ஆறு தூணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தா. "நீர் ஒவ்வொரு நாளும் குடிச்சுப் பார்த்தனீரோ?"

"ஓம் மிஸ். நல்ல தண்ணி."

சொல்லும்போதே திரும்பிப் பார்த்தேன். பொன்னையா மேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரே போய் அவருடைய கானைத் திறந்து ஊற்றிக் குடித்தேன். இனித்தது. சீனி போட்டதுபோல இனித்தது. அதே வாயோடு கிணற்றுத் தண்ணீர் குடித்தேன்.

உப்பு.

அல்லாஹ்வே, உப்பு. இருபத்து நான்கு வருசத்தில இண்டைக்குத்தான் எனக்குத் தெரியுது. இதையோ நான் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணியெண்டு எழுதினனான்? குடிக்கக் குடிக்க நாக்கு மரத்துப்போச்சே, இந்த நாக்கையோ சேர் நம்பினவர்?

ஆகஸ்ட் 20

மேசனிடம் போய்க் கேட்டேன். ஏன் சொல்லவில்லை?

"எப்பிடி மிஸ் சொல்றது? அத்தன வருசம் கழிச்சு ஊர் திரும்பி வந்த சனம். அவங்க ஊட்டுத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு, உங்க தண்ணி ஆகாதுன்னு சொல்லவா? தேயிலத் தோட்டத்திலருந்து நாங்க கனகராயன்குளம் வந்தப்ப எங்க கிணத்துல குடிக்க மாட்டன்னவங்க இருந்தாங்க. எங்கம்மா அழுதது இன்னும் மறக்கல. கலவைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் ஒருக்கா சொல்ல வந்தேன். நீங்க விடல. நானும் அதோட விட்டிருக்கக் கூடாது."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 29

ஆய்வு முடிவு வந்தது. ஆயிரத்து இருநூற்று எழுபது. மழையில்லாத காலத்தில் நாள் முழுக்க மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறும் என்று கமலாசனி மிஸ் விளங்கப்படுத்தினா. அப்படியென்றால் ஊர்க் கிணற்றைக் கெடுத்ததும் எங்கள் கட்டடம்தான். உப்பேறிய தூணுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கும், தூண் வெடிக்கும். பத்து வருடமோ பதினைந்து வருடமோ. உள்ளே பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையில் இருப்பார்கள்.

உடைக்க வேண்டும். எவ்வளவை என்பதுதான் கேள்வி. எந்த நாளிலிருந்து கிணறு உப்பானது? தெரியாவிட்டால் அத்திவாரமும் சந்தேகம். அத்திவாரத்தையும் கிண்டினால் வேலை வருட முடிவுக்குள் முடியாது, நிறுவனம் பணத்தைத் திருப்பி எடுத்துவிடும். தாய்சேய் நிலையமே இல்லை.

என் கல்லூரிப் புத்தகத்தைக் கேட்டா. நாற்பத்தொரு நாள் "நன்று". ஒரே பேனை, ஒரே சொல். கான் கொண்டு வரத் தொடங்கிய திகதி மேசனுக்கு ஞாபகமில்லை. "ஆடி அமாவாசை கழிச்சா, முன்னாடியான்னு..." என்று தலையைச் சொறிந்தார்.

எனக்குத் தெரியும். இந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

ஆகஸ்ட் 31

இதை எப்படிக் காட்டுவது? சேர் வானுக்குள் தூங்கியது இருக்கிறது. மேசனைப் பற்றி நான் நினைத்த கேவலம் இருக்கிறது. ஜூலை முப்பதாம் திகதி சொல்ல வந்தவரின் வாயை நான் அடைத்தது இருக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கலாம். கிழித்த பக்கத்தை யார் நம்புவார்கள்?

சேருக்குக் காட்டாமலே கேட்டேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "காட்டினா உன்ர பயிற்சியில நான் கையெழுத்து வைக்கேலாது, றுமானா. உனக்குக் கிடைச்ச வவுனியா வேலைக்குச் செப்டம்பர் முடியச் சேர்ட்டிபிக்கட் கேட்டவங்கள் எல்லோ? நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். பிறகு உன்ர விருப்பம்" என்றார். மிரட்டவில்லை. களைத்த மனிதர், உள்ளதைச் சொன்னார்.

பள்ளிவாசல் நிர்வாகத்திலிருக்கும் நஜீம் நானா வீட்டுக்கே வந்துவிட்டார். "எங்கட தண்ணி கூடாதெண்டு எங்கட பிள்ளையே எழுதிக் குடுக்கிறதோ? இனி ஊரே இருக்க ஆகாதெண்டு சொல்லுவாங்கள்."

செப்டம்பர் 2

கொடுத்தேன். முழுப் புத்தகத்தையும்.

கமலாசனி மிஸ் ஜூலை இருபத்திரண்டில் விரலை வைத்து நிறுத்தினா. மேசன், "என்னப் பத்தி எழுதியிருக்குன்னா நானும் கேக்கணும்ல" என்றார். நியாயம்தானே. நானே வாசித்தேன். ஐந்து பேருக்கும் ஒரே வயிற்றுவலியா, கை நனைக்காத ஆட்கள், நாங்கள் யார் என்று ஞாபகம் வந்ததோ, எல்லாம். முடித்ததும் மேசன், "வயித்துவலின்னு சொன்னது பொய்தான் மிஸ்" என்றார், அவ்வளவுதான்.

சேர் வான் தூக்கத்தையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். காது சிவந்தது.

ஜூலை ஒன்பதோடு அத்திவாரம் முடிந்தது, அதற்குப் பிறகுதான் கான் வந்தது. ஓரிடத்தில் துளைத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு அத்திவாரத்தை விடலாமாம். ஆறு தூணும் போக வேண்டும்.

செப்டம்பர் 11

துளைத்து எடுத்த துண்டின் முடிவு நல்லது. தூண் உடைக்கத் தொடங்கியாயிற்று. பக்கத்தில் நின்று எழுத வேண்டியது நான். சேர் கல்லுக் குவியலைப் பார்த்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டுவினம். இது உப்பாலை குப்பைக்குப் போகுது" என்றார். சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

புதிய கலவைக்கு வெளியிலிருந்து பவுசர் லொறியில் தண்ணீர் வரப்போகிறது. கேட்டுவிட்டு உம்மா சொன்னார், "கம்பிக்கு ஆகாதெண்டு பவுசர். நாங்கள் மட்டும் கம்பியிலும் கெட்டியோ?"

செப்டம்பர் 30

பயிற்சி இன்றோடு முடிந்திருக்க வேண்டும். டிசம்பர் வரை நீடிப்பு என்று கல்லூரிக் கடிதம் வந்திருக்கிறது. வவுனியாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். வேறு ஆளைப் பார்க்கிறார்களாம்.

அக்டோபர் 8

நஜீம் நானா வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். "அந்த உப்பு முடிவில ஒரு கொப்பி தா பிள்ளை. பிரதேச சபைக்குக் கொண்டுபோகப் போறன். கம்பிக்குக் குடுக்கிறவை சனத்துக்கும் தரட்டும்." இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 17

பவுசர் வந்தது. தூண் மீண்டும். கலவை தொடங்கும் முன் ஒரு கோப்பை நிரப்பி மேசனிடம் நீட்டினேன்.

"நீங்க பாக்கலயா மிஸ்?"

"என்ர நாக்கை நான் நம்புறேல்ல. நீங்கள் சொல்லுங்கோ அண்ணை."

குடித்தார். வாயைத் துடைத்தார். "போடலாம்."

கல்லூரிப் புத்தகத்தில் தண்ணீர்க் கட்டத்துக்குள் எழுதினேன்: பொன்னையா மேசன் குடித்துப் பார்த்தார். ஆய்வுக்கும் ஒரு போத்தல் அனுப்பப்பட்டது. சேர் வாசித்துவிட்டு ஒன்றும் திருத்தாமல் கையெழுத்து வைத்தார்.

நவம்பர் 6

சபையின் பவுசர் வாரத்துக்கு இரண்டு நாள் ஊருக்கும் வருகிறது. முதல் நாள் உம்மா ஒரு கோப்பை குடித்துவிட்டு, "சப்பெண்டு கிடக்கு" என்றார்.

டிசம்பர் 11

ஐந்து நாளாக மழை. கூரை வேலை நிற்கிறது. கிணறு கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. அதிலும் ஒரு போத்தல் நிரப்பி அனுப்பியிருக்கிறேன். முடிவு வரும்வரை கலவைக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை என்று பலகையில் எழுதி மாட்டினேன்.

பொன்னையா அண்ணை இன்று கான் கொண்டு வரவில்லை. மழைக்கு மறந்திட்டீங்களோ என்று கேட்டேன். கேட்காதவர்போலக் கொட்டிலுக்குள் இருந்து, உம்மாவிடம் இரண்டாவது கோப்பைக்குக் கையை நீட்டினார்.