அம்மாமார் வெளியே உட்காரவும்

இராஜபாளையம்
8.7.2024

முன்னாள் உயிர்த்தோழி ஹெப்சிபாவுக்கு,

பரிபூரணம் எழுதுவது. என் எண்ணை நீ போனில் முடக்கிவிட்டதால், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தபால் உறை வாங்கி நாக்கால் ஒட்டுகிறேன். பசை கசக்கிறது. நம் நட்பைவிடக் கொஞ்சம் கம்மிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை என் மகள் விஜி, ஸ்பெஷல் கிளாஸ் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நீ ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் வளரிளம் பருவ மையத்திலிருந்து அவள் வெளியே வந்ததை வெள்ளைத்தாய் பார்த்துவிட்டாள். எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் என்னோடு துணி மடிக்கிறவள். புருஷனுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க வந்தவள், மாத்திரையை மறந்துவிட்டு இதை வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். ஒன்றுமில்லாததற்கு எவள் பஸ் ஏறுவாள்? பையைச் சோதித்தேன். பாதி தின்ற கடலை மிட்டாயும் ஒரு சீட்டும் இருந்தன. சீட்டில் "அடுத்த சனி, 11 மணி" என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்துதான். அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? பத்தாம் வகுப்பில் அதைப் பார்த்து எழுதித்தானே நான் கணக்கில் தோற்றேன்.

பதினேழு வயதுப் பிள்ளை. நோயா, பையன் விவகாரமா, என்ன சொன்னாள்? நாலு வரி எழுது. எழுதாவிட்டால் நேரில் வருவேன். என் வாயை நீ அறிவாய்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.7.2024

பரிபூரணத்துக்கு,

முடக்கியது உண்மை. ஒரு பிள்ளை என் எதிரே அழுதுகொண்டிருந்தபோது நீ பத்தொன்பது முறை அழைத்தாய்.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உன் மகள் இந்தப் பக்கமே வராதிருந்தாலும் இதையேதான் எழுதுவேன். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்திருந்தாலும், உயிருக்கு ஆபத்து என்றாலும், சட்டப்படி சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வோம். அதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச உட்காருவோம். மற்றபடி கலெக்டரே கேட்டாலும் பதில் கிடையாது. நீ கலெக்டரும் இல்லை.

பையைச் சோதித்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தச் சீட்டை எடுத்த இடத்தில் வை.

ஹெப்சிபா


இராஜபாளையம்
23.7.2024

ரகசியத்தின் திருவுருவம் ஹெப்சிபாவுக்கு,

உன் மையத்தின் லட்சணம் ஊர் சிரிக்கிறது.

வெள்ளைத்தாய் ஏதாவது பெரிதாகக் கிளப்பிவிடுவாளோ என்று பயந்து, நானே முந்திக்கொண்டு சின்னதாக ஒன்றைக் கிளப்பினேன். "எம்மகளுக்கு ரத்தம் கம்மி, சத்து மாத்திரை வாங்கப் போனா, அம்புட்டுத்தான்" என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மடிப்பு மேஜையில் நாலு பேரிடம் சொன்னேன். யாரும் குறை சொல்ல முடியாத பொய். அளவெடுத்துத் தைத்தது.

அந்த மேஜையிலேயே ஒருத்தி, "சத்து மாத்திரைய யாருக்குக் குடுப்பாக?" என்று கேட்டாளாம். கதை மம்சாபுரம் போனபோது விஜிக்கு மூன்றாம் மாதம். சேத்தூர் போய்த் திரும்பியபோது கலைத்தே விட்டார்கள். உள்ளே இருக்கிற ஆள் எடுத்துக் கொடுக்காமல் ஒரு சத்து மாத்திரை இப்படி வளருமா? நீதான் சொல்லியிருக்கிறாய். உன் மேலதிகாரிக்குப் புகார் எழுதப் போகிறேன். கலெக்டருக்கும் நகல் போகும்.

விஜி இதை டவுன் பஸ்ஸில் கேட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் தவிர எங்கேயும் போவதில்லை. உன் சீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டாள். அந்த மட்டுக்கு நிம்மதி.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.7.2024

பரிபூரணம்,

இந்தச் சனிக்கிழமை என் அறைக்கு வெளியே பெஞ்சு காலி. வழக்கமாகப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். ஒருத்திகூட வரவில்லை. மாதா மாதம் வலியில் சுருண்டு கிடக்கிறவள் இருப்பாள். பாதி மருந்து சாப்பிட்டவள் இருப்பாள். தன் உடம்பில் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து, யாரிடமும் கேட்கத் தெரியாமல் வந்தவள் இருப்பாள். எல்லாரும் இப்போது வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே வந்தால் மூன்றாம் மாதம் என்று ஊர் சொல்லும் அல்லவா?

ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய் நின்று, "இங்க சொன்னது வெளிய போகாது" என்று சொல்லி அவர்களை நம்பவைக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. உனக்கு ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதுமாயிருந்தது.

நிம்மதி என்று எழுதியிருக்கிறாயே. எவள் மருந்து நின்றுபோனால் உனக்கு நிம்மதி?

புகார் தாராளமாக எழுது. கதையைத் தொடங்கியது யார் என்பதையும் அதில் எழுது.

ஹெப்சிபா


இராஜபாளையம்
12.8.2024

ஹெப்சிபா,

புகார் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணானது. எப்படி எழுதினாலும் இரண்டாவது வரியில் குற்றவாளியின் பெயர் பரிபூரணம் என்றே வந்தது.

விஜியிடம் போய், "சனிக்கிழம போகணும்னா போயிட்டு வா. என்னன்னு கேக்க மாட்டேன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் வயசுக்கு வந்ததுக்கு பஸ் ஸ்டாண்டுல என் படத்தப் போட்டு ஃபிளெக்ஸ் வச்சவ நீ. பத்து நாளு அதுக்குக் கீழ நின்னுதான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறுனேன். பயலுக அந்தப் படத்துக்கு வணக்கம் போட்டானுக. உன்கிட்ட எதச் சொல்ல?"

அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. அதில் என் படம் அவள் படத்தைவிடப் பெரிது.

செத்த நேரம் கழித்து அவளே சொன்னாள். "தனியாப் போனா பஸ்ல எல்லாரும் வயித்தத்தான் பாக்காங்க. நீயும் வா. ஆனா உள்ள வரக் கூடாது."

முந்தாநாள் வந்தேன். "அம்மாமார் வெளியே உட்காரவும்" என்று கதவில் ஒட்டியிருக்கிறாய். எனக்காகவே எழுதினாயா? நீ என்னைப் பார்த்தும் பாராத மாதிரி அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாய். நாற்பது நிமிடம். கதவில் காதை வைக்க மூன்று முறை எழுந்தேன். இரண்டு முறை நானாக உட்கார்ந்தேன். மூன்றாவது முறை நர்ஸ் பார்த்ததால் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைத்தாய் மாத்திரைக்கு வந்தாள். "என்னக்கா, யாருக்கு?" என்றாள். பத்துக் கதை நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றது.

"எனக்குத்தாம்ட்டி. விஜி துணைக்கு வந்திருக்கா. அன்னைக்கும் அவ எனக்காக விசாரிக்க வந்தவதான்."

"ஒங்களுக்கு என்ன?"

"நாப்பத்தாறு வயசுல வந்து நிக்கி. வெளிய சொல்லுற விசயமா?" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. இன்று காலை நிலவரப்படி எனக்கு மூன்றாம் மாதம். சேத்தூரில் இரட்டைப் பிள்ளை. எங்கள் வீட்டு அவிய டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். விஜியை யாரும் இப்போது பார்ப்பதில்லை. என் வயிற்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது.

அவள் உள்ளே என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லை, ஆனாலும் கேட்கவில்லை. அடுத்த தடவையும் அவளோடு வருவேன்.

நாம் பழைய மாதிரி பேசிக்கொள்ளலாமா?

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.8.2024

பரிபூரணத்துக்கு,

போன சனிக்கிழமை நான்கு பிள்ளைகள் வந்தார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன்.

மீதி எட்டுப் பேரின் முகமும் எனக்குத் தெரியும். அவர்களும் வந்து உட்கார்ந்த பிறகு நானே உனக்கு எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம்.

ஹெப்சிபா